மலையைத் திறந்த மக்கள்

மலை யாருக்கு உரியது என்று கேட்டால், பத்திரம் வைத்திருப்பவருக்கு உரியது என்று சட்டம் கற்றவர் விடை கூறுவர். அம்மலையில் ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். விடுமுறை நாளில் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறையேறப் புறப்படும் இளைஞரைக் கேட்டால் மூன்றாவது விடை ஒன்று வரும். இம்மூன்று விடைகளும் ஒரே நிலத்தின்மேல் வந்து மோதிய வரலாறு இங்கிலாந்து நாட்டில் உண்டு. சிறைவாசத்தில் தொடங்கி, நிதி திரட்டலாலும் சட்டத்தாலும் உடன்படிக்கையாலும் வளர்ந்து, இன்று ஒரு சிறு பறவையின் கூட்டைக் காப்பதில் வந்து நிற்கும் வரலாறு அது. பிறந்த ஊரை விட்டு வந்து பெருநகரங்களில் தொழில் புரிவோர்க்கு அதில் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி பல உள்ளன.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று அழைப்பது நம் வழக்கம். அப்பெயருக்கு மூலமான மான்செஸ்டர் நகரம் பருத்தி ஆலைகளால் வளர்ந்தது. அதற்குக் கிழக்கே, எஃகுத் தொழிலால் பெயர் பெற்ற ஷெபீல்டு நகரம் இருக்கிறது. இவ்விரு நகரங்களுக்கும் இடையே கிடப்பது ‘பீக் டிஸ்ட்ரிக்ட்’ எனப்படும் மலைநாடு. இமயத்தையோ மேற்குத் தொடர்ச்சி மலையையோ கண்ட நமக்கு அது மலையாகவே தோன்றாது. அதன் மிக உயர்ந்த இடமாகிய கிண்டர் ஸ்கௌட் கடல்மட்டத்திலிருந்து 636 மீட்டர் உயரமே உடையது. மரங்களற்ற அகன்ற மேட்டுநிலம். அதன்மேல் கரிய சதுப்பு மண்ணும் செந்நீலப் பூப் பூக்கும் குறும்புதர்களும் பரந்து கிடக்கும். மேட்டுநிலம் முடிந்து பள்ளத்தாக்கு தொடங்கும் இடத்தில் சுவர் எழுப்பினாற்போலப் பாறை விளிம்புகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் புகழ் மிக்கது ஸ்டானேஜ் விளிம்பு. ஏறத்தாழ 4 மைல் நீளம் உடையது அது. மிக உயர்ந்த இடத்திலும் அதன் உயரம் 25 மீட்டர் அளவே.

அப்பாறை சொரசொரப்பான ஒருவகை மணற்கல். பழங்காலத்தில் அதைக் குடைந்து மாவரைக்கும் எந்திரக்கற்கள் செய்தார்கள். செய்து முடித்தும் விலைபோகாத வட்டக் கற்கள் ஸ்டானேஜின் அடிவாரத்தில் இன்றும் பாசி படிந்து கிடக்கின்றன. எந்தச் சொரசொரப்பு மாவரைக்கப் பயன்பட்டதோ அதுவே பிற்காலத்தில் பாறையேறுவோரின் விரலுக்கும் காலுக்கும் பிடிப்பாக அமைந்தது. ஷெபீல்டு நகரத்துப் பட்டிரல் என்பவர் முதலானோர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பாறையேறத் தொடங்கினர். இன்று அந்த ஒரு விளிம்பில் மட்டும் பெயரிட்டுக் குறிக்கப்பட்டுள்ள ஏறுவழிகள் ஆயிரத்துக்கும் மேல்.

ஆனால் அந்த மேட்டுநிலம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கவில்லை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நிறைவேறிய வேலியடைப்புச் சட்டங்களால், ஊர்மக்கள் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நெடுங்காலம் பயன்படுத்திவந்த நிலங்கள் தனியார் உடைமையாயின. பெருநிலக்கிழார்கள் அம்மேட்டுநிலங்களைக் கிரௌஸ் என்னும் பறவையை வேட்டையாடும் களமாக ஆக்கிக்கொண்டனர். வேட்டைப் பருவம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 12-ஆம் நாள் தொடங்கும். அதன் பிறகு சில நாட்களே நிகழும் வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் நிலம் பூட்டிக் கிடந்தது. கைத்தடியேந்திய வேட்டைக் காவலர்கள் அங்கே நடப்பவரை விரட்டினர். ஸ்டானேஜின் உச்சியில் இப்பறவைகள் நீர் அருந்துவதற்காகப் பாறையைக் குடைந்து சிறு தொட்டிகள் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் செதுக்கி வைத்தார்கள். அவ்வெண்களை இன்றும் காணலாம். பறவைக்கு நீர்த்தொட்டி உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு அங்கே கால் வைக்க இடம் இல்லை என்ற நிலை அது.

எதிர்ப்பும் அன்றே தோன்றிற்று. கிண்டர் மேட்டின் அடிவாரத்துச் சிற்றூராகிய ஹேஃபீல்டில் பழைய நடைபாதைகளைக் காப்பதற்கென 1876-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் கண்டார்கள். 1894-இல் தோன்றிய மற்றொரு சங்கம் பேச்சுவார்த்தை நடத்தி, ஹேஃபீல்டிலிருந்து மேட்டைக் கடந்து செல்லும் ஒரு பாதையை 1897-இல் திறக்கச் செய்தது. மலைகளில் நடக்கும் உரிமையை வழங்கும் மசோதாவை ஜேம்ஸ் பிரைஸ் என்பவர் ஸ்காட்லாந்துக்கென 1884-இல் பாராளுமன்றத்தில் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. அதன்பின் வந்த மசோதாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. நிலக்கிழார்கள் நிறைந்த அவையில் நிலக்கிழாரின் வேலியைத் தளர்த்தும் சட்டம் எங்ஙனம் எளிதில் நிறைவேறும்?

இதனிடையே நகரங்களில் ஒரு புதிய வேட்கை வளர்ந்தது. ஷெபீல்டு நகரத்துத் தொழிலாளர் சிலர், ஜி. எச். பி. வார்டு என்பவரின் முயற்சியால், 1900-ஆம் ஆண்டில் நடைப்பயணச் சங்கம் ஒன்றை நிறுவினர். வாரத்தில் ஆறு நாள் புகையிலும் இரைச்சலிலும் உழைத்தவர்கள், ஏழாவது நாள் இரயிலேறி மலையடிவாரம் சென்று மாலைவரை நடந்து திரும்பினார்கள். 1930-ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தோர் பலரும் இப்பழக்கத்தை மேற்கொண்டனர். செலவில்லாத இன்பம் அது ஒன்றே. ஆனால் மலையடிவாரம் வரை சென்றவர்களுக்கு மலை மூடியே இருந்தது.

இந்நிலையில் வந்தது 1932-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஈஸ்டர் விடுமுறையில் பிளீக்லோ என்னும் மேட்டில் நடந்த இளைஞர் குழுவைக் காவலர்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பினர். சிலராகச் சென்றதால் திரும்பினோம், பலராகச் சென்றால் யார் தடுக்க முடியும் என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தின் விளைவே ஏப்ரல் 24-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை கிண்டர் ஸ்கௌட்டில் நிகழ்ந்த கூட்டு அத்துமீறல். அதற்குத் தலைமை தாங்கியவர் பென்னி ராத்மன் என்னும் 20 வயது மான்செஸ்டர் இளைஞர். அவரை இரயில் நிலையத்திலேயே தடுத்து நிறுத்தப் போலீசார் காத்திருந்தனர். அவரோ மிதிவண்டியில் ஹேஃபீல்டு வந்து சேர்ந்தார்.

ஊர்த் திடலில் கூட்டம் நடத்தத் தடை இருந்தது. ஆகவே மக்கள் பௌடன் பாலத்தருகே இருந்த ஒரு பழைய கல்வெட்டுங்குழியில் கூடினர். பேச வேண்டியவர் வராமற் போகவே, ராத்மன் ஒரு பாறையின்மேல் ஏறி நின்று பேசினார். பின்னர் ஏறத்தாழ 400 பேர் பாடிக்கொண்டே பள்ளத்தாக்கு வழியே நடந்தார்கள். குறித்த இடத்தில் ஊதுகுழல் ஒலித்தது. உடனே அனைவரும் பாதையை விட்டு விலகி, தடுக்கப்பட்ட சரிவின்மேல் ஏறினர். மேலே நின்ற காவலர்களுக்கும் அவர்களுக்கும் கைகலப்பு ஏற்பட்டது. காவலர் ஒருவர் காயமுற்றார். பின் உச்சியை அடைந்து, ஷெபீல்டிலிருந்து மறுபுறமாக ஏறிவந்த குழுவைச் சந்தித்து மகிழ்ந்து, வந்த வழியே அமைதியாக இறங்கினர். ஊர் எல்லையில் போலீசார் அவர்களை எதிர்கொண்டு சிலரைக் கைது செய்தனர்.

இங்கே சட்ட நுணுக்கம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பிறர் நிலத்தில் நுழைவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம் அன்று. அது நிலக்காரர் தாமே இழப்பீடு கோரி வழக்குத் தொடரத்தக்க ஓர் உரிமைத் தவறு மட்டுமே. ஆதலின் நுழைந்ததற்காக அவர்களைச் சிறையிலிட இயலவில்லை. கலகக் கூட்டம் கூட்டியதாகவும் தாக்கியதாகவும் குற்றம் சாட்டப்பட்டது. டர்பி நகரத்தில் வழக்கு நடந்தது. வழக்கை ஏற்கத்தக்கதா என்று முடிவு செய்த ஜூரியில் படைத் தலைவர்களும் நாட்டுப்புறச் செல்வர்களுமே நிறைந்திருந்தனர். தமக்காகத் தாமே வாதாடினார் ராத்மன். ஐவருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. ராத்மனுக்கு 4 மாதம்.

பழைய நடைப்பயணச் சங்கங்களின் தலைவர்கள் பலர் இந்த அத்துமீறலை ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். பல ஆண்டுகள் பேசிப் பெற்ற நல்லெண்ணத்தை ஒரு நாள் ஆரவாரம் கெடுத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். ஆனால் கடுமையான தண்டனையைக் கேட்டபின் பொதுமக்களின் மனம் மாறிற்று. சில வாரங்களுக்குள் வின்னட்ஸ் கணவாயில் நடந்த உரிமைக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 10,000 பேர் வந்தனர் என்பர். சட்டத்தை உருவாக்கியது அத்துமீறலா, பொறுமையான பேச்சா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். கதவைத் தட்டியவரும் சாவியைத் தேடியவரும் வேறு வேறு மனிதர். கதவு திறக்க இருவரும் வேண்டியிருந்தனர் என்று கொள்வதே பொருத்தமாகும்.

சாவியைத் தேடியவருள் தலையாயவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் எத்தல். ஷெபீல்டு நகரத்துத் தொழிலதிபர் ஒருவரின் மகள். முதல் உலகப் போரில், 1917-ஆம் ஆண்டில், கணவரை இழந்தார். அத்துயரில் அவருக்கு ஆறுதல் அளித்தது ஊருக்கு வெளியே கிடந்த மேட்டுநிலமே. அந்நிலத்தை வீடுகளும் சாலைகளும் விழுங்கத் தொடங்கியதைக் கண்டு, 1924-ஆம் ஆண்டில் உள்ளூர் இயற்கைக் காட்சிகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். ரட்லண்டு கோமகனுக்குச் சொந்தமாக இருந்த லாங்ஷா எஸ்டேட் விற்பனைக்கு வந்தபோது, அதை வீட்டுமனை வணிகர் கைக்குப் போகவிடாமல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1928-இல் 747 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டது. 1931-இல் அது நேஷனல் டிரஸ்ட் என்னும் பொதுநல அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. ராத்மன் கிண்டரில் ஏறுவதற்கு ஓராண்டு முன்னரே, அதே மலைநாட்டின் மறுபுறத்தில், ஒரு முழுப் பண்ணைநிலம் சிறு சிறு நன்கொடைகளால் மக்கள் உடைமை ஆகிவிட்டது என்பது எண்ணத் தக்கது. மறுமணத்திற்குப் பின் எத்தல் ஹேதார்ன்த்வெய்ட் என்று வழங்கிய இவ்வம்மையார், தேசியப் பூங்காக்கள் பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த குழுவிலும் பணியாற்றினார்.

சட்டம் உடனே வந்துவிடவில்லை. 1939-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால் நிலக்கிழார்களின் திருத்தங்களால் அது உருக்குலைந்து, சில இடங்களில் நுழைவதையே குற்றமாக்கும் விந்தையில் முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைந்த தொழிற்கட்சி அரசாங்கமே 1949-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தேசியப் பூங்கா என்றதும் அரசாங்கம் நிலத்தைக் கையகப்படுத்திக்கொண்டது என்று நாம் நினைத்துவிடலாகாது. நிலம் பெரும்பாலும் பழைய உரிமையாளர்களிடமே இருந்தது. புதிய கருவி உடன்படிக்கை என்பதே. நிலக்காரர் மக்களை நடக்க விடுவார். அதனால் அவருக்கு நேரும் இழப்புக்குப் பொதுப்பணத்திலிருந்து ஈடு தரப்படும். வேட்டை நடக்கும் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் மக்கள் விலகி நிற்பர். நாய்களைக் கட்டிவைத்தல், தீ மூட்டாதிருத்தல் போன்ற விதிகளுக்கு உட்படுவர். இவ்விதிகள் செவ்வனே நடைபெறுகின்றனவா என்று பார்க்க 1954-இல் பூங்காக் காவலர் பணி தொடங்கப்பட்டது. முன்பு கிண்டரில் நின்ற காவலர் மக்களை விரட்டினார். இப்பொழுது நின்ற காவலர் அவர்களுக்கு வழிகாட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது.

இனி, பாறையேறுவோரின் கதைக்கு வருவோம். 1944-ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, பல்வேறு மலையேற்றச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பிரிட்டிஷ் மலையேற்றப் பேரவையை நிறுவின. அதுவரை மலையேற்றம் என்பது செல்வமும் ஓய்வும் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றே கருதப்பட்டது. போருக்குப் பின் அந்நிலையை மாற்றியவர்கள் மான்செஸ்டரின் கைத்தொழிலாளர்கள். அவர்களுள் முதல்வர் ஜோ பிரௌன். 1930-இல் பிறந்த அவர் வறிய குடும்பத்தின் ஏழாவது குழந்தை. கட்டடப் பணியும் குழாய்ப் பணியும் பயின்றவர். அவர் முதன்முதல் பாறையேறப் பயன்படுத்திய கயிறு, அவருடைய தாயார் துணி உலர்த்திக் கழித்த கொடிக்கயிறு என்று கூறுவர். அவரும் டான் வில்லன்ஸ் என்னும் மற்றொரு குழாய்த் தொழிலாளியும் அதுகாறும் எவரும் ஏற இயலாதெனக் கருதிய பாறைகளில் ஏறிக் காட்டினர். பூட்டிக் கிடந்த பாறைகளில் காவலர் கண்ணுக்குத் தப்பியும், சில சமயம் அவருக்குச் சிறிது பொருள் கொடுத்தும் பழகிய தலைமுறையின் வழிவந்தவர்கள் இவர்கள்.

அவர்களிடையே எழுதப்படாத மரபு ஒன்று வேரூன்றியது. அந்த மணற்பாறையில் ஆணி அறைந்து நிலையாக விட்டுச் செல்லலாகாது என்பதே அது. பாறை வெடிப்பில் கல்லையோ, கயிற்று முடிச்சையோ, எந்திரங்களிலிருந்து கழற்றிய இரும்பு மரைகளையோ செருகிப் பாதுகாப்புத் தேடினர். ஏறி முடிந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டனர். வந்தவர் சுவடு தெரியாமல் பாறை அப்படியே இருக்க வேண்டும். பின்னால் நிலக்காரரிடமும் இயற்கை ஆர்வலரிடமும் பேசச் சென்றபோது இந்த மரபே அவர்களுக்குப் பெரிய சான்றாக அமைந்தது.

1971-இல் ஸ்டானேஜ் விளிம்பு அடங்கிய நார்த் லீஸ் எஸ்டேட்டைத் தேசியப் பூங்கா ஆணையமே விலைக்கு வாங்கிற்று. 1982-இல் கிண்டர் மேட்டை நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. ராத்மனும் தோழரும் துரத்தப்பட்ட நிலம் இங்ஙனம் அறநிலம் ஆனது. அண்மைக் காலத்தில் ஃப்ரோகட், கர்பர் முதலிய புகழ் பெற்ற விளிம்புகள் அடங்கிய கிழக்கு மேட்டுநிலத்தைப் பூங்கா ஆணையத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்று, நேஷனல் டிரஸ்டும் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் கூட்டாக நிர்வகிக்கின்றன. உடைமை ஒருவரிடம், நிர்வாகம் வேறிருவரிடம், பயன் அனைவரிடம் என்னும் இந்த ஏற்பாடு நம் நாட்டுக் கோயில் நிலங்களின் பழைய அமைப்பை ஒருவாறு நினைவூட்டுகிறது.

2000-ஆம் ஆண்டில் வந்த நாட்டுப்புற நுழைவுரிமைச் சட்டம் நூறாண்டுக் கோரிக்கையை நிறைவேற்றியது. பதிவு செய்யப்பட்ட மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் எவரும் கால்நடையாகச் செல்லலாம், பாறையும் ஏறலாம் என்று அது விதித்தது. பீக் நாட்டில் 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. நிலக்காரரின் அச்சம் ஒன்றையும் அச்சட்டம் தணித்தது. தம் நிலத்துப் பாறையிலிருந்து ஒருவர் விழுந்தால் தாம் ஈடு கொடுக்க நேருமோ என்று அவர்கள் நெடுங்காலம் அஞ்சினர். அவ்வுரிமையைப் பயன்படுத்தி வருபவர்க்கு இயற்கையான பாறையால் நேரும் இடருக்கு நிலக்காரர் பொறுப்பாளி அல்லர் என்று சட்டம் தெளிவுபடுத்தியது. பல வேலிகள் பகைமையால் எழுவன அல்ல, அச்சத்தால் எழுவன என்பதை இது காட்டுகிறது.

ஆயினும் சட்டம் எட்டாத இடங்களும் இருந்தன. கல்வெட்டுங்குழிகள் அவற்றுள் ஒருவகை. ஸ்டோனி மிடில்டன் என்னும் ஊரருகே ஹார்ஸ்ஷூ என்ற சுண்ணாம்புக்கல் குழி உண்டு. வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட அதன் சுவர்களில் ஏற ஆர்வலர் பலர் வந்தனர். ஆனால் ஏறும் உரிமை உறுதியாக இல்லை. 2005-ஆம் ஆண்டில் மலையேற்றப் பேரவையே அக்குழியை விலைக்கு வாங்கியது. வாங்கியபின் வேலை பெருகியது. தளர்ந்த கற்களை அகற்றுதல், துருப்பிடித்த பாதுகாப்பு ஆணிகளை மாற்றுதல், புதர்களை வெட்டிச் சுண்ணாம்பு நிலத்துக்கே உரிய பூண்டுகளுக்கு வெளிச்சம் தருதல் எனத் தொண்டர்கள் உழைக்க வேண்டியிருந்தது. உரிமையை வாங்கியவர்கள் கூடவே கடமையையும் வாங்கினார்கள்.

இவ்விடத்தில்தான் இக்கதை ஒரு திருப்பம் அடைகிறது. வேலி நீங்கிய பின் மலைக்கு எதிரி யார்? விடை கசப்பானது: அதை நேசித்து வந்தவர்களின் கால்களே. கிண்டர் மேட்டின் சதுப்பு மண் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. ஆலைப் புகையின் அமிலமும், காட்டுத்தீயும், அளவு மீறிய ஆட்டு மேய்ச்சலும் அதன் பச்சைப் போர்வையை அழித்தன. நடப்போரின் காலடிகள் எஞ்சியதையும் கிளறின. மழை வந்து கரிய மண்ணைக் கரைத்துச் சென்றது. 2003-இல் பூங்கா ஆணையம், நேஷனல் டிரஸ்ட், குடிநீர் நிறுவனங்கள் முதலியோர் கூட்டாக இம்மேட்டுநிலங்களைச் சீர்ப்படுத்தும் பணியில் இறங்கினர். ஓடைகளுக்குக் குறுக்கே சிறு அணைகள் கட்டினர். நீரை உறிஞ்சி வைக்கும் பாசியை மீண்டும் நட்டனர். 2009-இல் கிண்டர் தேசிய இயற்கைக் காப்பிடமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆடும் மாந்தரும் சிறிது விலகி நின்றபோது, கருமை கிடந்த இடத்தில் பசுமை தலைகாட்டியது.

ஸ்டானேஜில் இச்சிக்கல் ஒரு பறவை வடிவில் வந்தது. ரிங் ஊசல் என்பது அதன் பெயர். கரிய உடல், மார்பில் வெண்பிறை போன்ற குறி. குளிர்காலத்தை வட ஆப்பிரிக்க மலைகளில் கழித்துவிட்டு, இளவேனிலில் இம்மேட்டுநிலத்துக்கு வந்து பாறை இடுக்குகளிலும் புதரடியிலும் கூடு கட்டும். பிரிட்டன் முழுவதும் அதன் தொகை குறைந்து வருகிறது. அது கூடு கட்டும் பருவமும், பாறை உலர்ந்து ஏறுவோர் திரளும் பருவமும் ஒன்றே. ஸ்டானேஜை மூடிவிட வேண்டும் என்று சிலர் கருதியிருக்கலாம். எவ்வாற்றானும் ஏறியே தீருவோம் என்று வேறு சிலர் முழங்கியிருக்கலாம்.

அங்கே நடந்தது வேறு. 2000-ஆம் ஆண்டில் ‘ஸ்டானேஜ் மன்றம்’ என ஒன்று கூடியது. பாறையேறுவோர், நடப்போர், பறவை ஆர்வலர், உழவர், ஊரார், பூங்கா அலுவலர் எல்லாரும் ஒரே அறையில் அமர்ந்தனர். வாக்கெடுத்து வெல்வதை விடுத்து, எல்லாரும் ஒப்பும் முடிவைத் தேடுவது என்று தீர்மானித்தனர். அதன் பயனாக எழுந்த முறை மிக எளியது. இளவேனிலில் பறவை ஆர்வலர் விளிம்பு நெடுகக் கூடுகளைத் தேடுவர். பாறையேறுவோரும் தாம் கண்ட கூடுகளைப் பற்றித் தகவல் தருவர். கூடு உள்ள இடத்தில் மட்டும் ஒரு சிறு அறிவிப்புப் பலகை வைக்கப்படும். குஞ்சுகள் பறக்கும்வரை அந்தச் சில ஏறுவழிகளை அனைவரும் தாமே தவிர்ப்பர். குஞ்சுகள் பறந்ததும் பலகை நீங்கும். நான்கு மைல் விளிம்பில் மூடப்படுவது சில முழம். மூடப்படும் காலம் சில வாரம். கைத்தடி ஏந்திய காவலர் எவரும் அங்கே இல்லை. பெரும்பாலோர் அப்பலகையை மதிக்கின்றனர் என்பதே அம்முறையின் வலிமை. ஒருவர் மீறினால் ஒரு கூடு அழியும். பலர் மீறினால் நம்பிக்கை அழியும். நம்பிக்கை அழிந்தால் வேலி திரும்பவும் எழும். இதை உணர்ந்தவர்களாதலின் அவர்கள் பலகைக்கு முன் நின்று திரும்புகின்றனர்.

இத்தகைய தன்னடக்கத்துக்கு நம் நாட்டு எல்லையிலேயே ஓர் ஒப்பற்ற சான்று உண்டு. மேலே கூறிய ஜோ பிரௌன், 1955-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ஜார்ஜ் பேண்டு என்பவருடன் கஞ்சன்ஜங்கா சிகரத்தை முதன்முதலாக எட்டினார். 8,586 மீட்டர் உயரமுள்ள அம்மலை சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். உச்சியில் கால் வைப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு அக்குழுவினர் வாக்களித்திருந்தனர். கடைசிப் பாறைப் பகுதியை ஏறி முடித்த இருவரும் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டனர். பார்ப்பதற்கு அங்கே அரசனும் இல்லை, காவலரும் இல்லை. மறுநாள் ஏறிய மற்ற இருவரும் அவ்வாக்கைக் காத்தனர். வேட்டைக் காவலரை ஏமாற்றிப் பாறையேறக் கற்ற ஊரிலிருந்து வந்த தொழிலாளி, உலகின் மூன்றாவது உயர்ந்த மலையில், தடுப்பார் எவருமின்றித் தாமே நின்றார்.

நம்மவர் பலர் வாழும் ஐதராபாத்து நகரமும் பாறைகளின் நகரமே. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு மூப்புடைய கருங்கற் பாறைகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல நிற்கின்றன. நகரம் வளர வளர அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றைக் காக்க 1996-இல் குடிமக்கள் சிலர் ஒரு சங்கம் கண்டனர். மக்களை மாதந்தோறும் பாறைகளிடையே நடத்தி அழைத்துச் சென்று காட்டுவது அவர்கள் கைக்கொண்ட வழி. அவர்களுடைய இடைவிடாத வேண்டுகோளால் சில பாறைத் தொகுதிகள் பாதுகாக்கத்தக்க மரபுச் செல்வமாகப் பட்டியலில் இடம்பெற்றன. பெங்களூரை அடுத்த ராமநகரத்தில், பாறையேறுவோர் பயின்றுவந்த குன்றுகளில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. அங்குள்ள ராமதேவர பெட்டா 2012-இல் கழுகுகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஏறுவோரின் விருப்பத்துக்கும் பறவையின் வாழ்வுக்கும் இடையே வழக்கு எழும்போது, ஸ்டானேஜில் ஒரே அறையில் அமர்ந்தவர்களின் கதை நமக்கும் பயன்படக்கூடும்.

வந்த ஊரின் குன்று நமக்குச் சொந்தமா என்ற கூச்சம் வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு இயல்பாக எழும். பத்திரத்தில் பெயரில்லாத ஆலைத் தொழிலாளிகளே கிண்டர் மேட்டைத் திறந்தனர் என்பதை நினைத்தால் அக்கூச்சம் நீங்கும். ஒரு நிலத்தில் நடந்து, அதன் பெயரும் பூண்டும் பறவையும் அறிந்து, அதற்காகச் சிறிது உழைத்து, வேண்டும்பொழுது விலகியும் நிற்பவர் அதற்கு அயலார் அல்லர்.

2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அத்துமீறலின் எழுபதாம் ஆண்டு நிறைவு கிண்டர் அடிவாரத்தில் கொண்டாடப்பட்டது. டெவன்ஷயர் கோமகன் அங்கே வந்தார். 1932-இல் தம் பாட்டனார் நடந்துகொண்ட முறைக்காக மக்கள் முன் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதைக் கேட்க உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேயே மறைந்துவிட்டார். அவர் ஏறிய சரிவில் இன்று எவரும் ஏறலாம். ஏறுவோர் இளவேனிலில் ஒரு சிறு பலகையைக் கண்டால் சற்று நின்று, வேறு வழியாகச் செல்கின்றனர்.